கிணற்று மோட்டாருக்கு இரண்டு மின்சாரம்: சுவிட்சுப் பலகையை அமைக்கும் முறை

கிணற்றுப் பாசனத்தை நம்பியுள்ள சிறு விவசாயிகள் பலர், தங்கள் பழைய மோட்டாரைக் கழற்றாமல் அதையே சூரிய மின்தகடுகளைக் கொண்டும் ஓட்ட விரும்புகின்றனர். வெயில் உள்ளபோது சூரிய மின்சாரம், மற்ற நேரங்களில் மின்வாரிய மின்சாரம் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் பயிர் வாடாது என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் சரியானதே. ஆனால் தகடுகளின் விலையை நாலு கடையில் விசாரிக்கிறவர்கள் சுவிட்சுப் பலகையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பழைய ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கத்தில் புதுப் பெட்டி ஒன்றைச் சுவரில் அடித்து, இடையில் நாலு ஒயரை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றனர். மோட்டார் எரிவதும், விலை உயர்ந்த கருவி வெடிப்பதும், ஆள் உயிருக்கே ஆபத்து நேர்வதும் இந்த இடத்தில்தான்.

இரண்டு சக்தியில் ஓடும் இயந்திரம் எதுவாயினும் அதன் முகப்புப் பலகை முக்கியமானது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற குழுவினர் டொயோட்டா பிரையஸ் காரில் கூடுதல் பேட்டரி வைத்து, வீட்டு மின்சாரத்தில் ஏற்றிக்கொள்ளும்படி மாற்றினர். பேட்டரியில் மட்டும் ஓட்டுவதற்கான பொத்தான் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் விற்ற கார்களில் இருந்தது. அமெரிக்காவில் விற்ற கார்களில் அது இல்லை. எனவே காரை மாற்றியமைத்தவர்கள் அந்தப் பொத்தானையும் தனியாக ஒயர் இழுத்துப் பொருத்திக்கொண்டனர். பேட்டரியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, இப்போது எந்தச் சக்தியில் ஓட வேண்டும் என்று சொல்லும் பிடி ஓட்டுகிறவர் கையில் இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம். கிணற்று மேட்டில் உள்ள மோட்டாருக்கும் இது பொருந்தும்.

பலகையின் மூன்று பகுதிகள்

இரட்டை மின்சார ஏற்பாட்டில் மோட்டாருக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வருகிறது. மின்வாரியக் கம்பியிலிருந்து மீட்டர், பியூஸ், ஸ்டார்ட்டர் வழியாக வருவது ஒன்று. இதை வாரிய வழி எனலாம். தகடுகளிலிருந்து டிரைவ் எனப்படும் கருவி வழியாக வருவது மற்றொன்று. இது சூரிய வழி. தகடுகள் தருவது பேட்டரியில் உள்ளது போன்ற நேர்மின்சாரம். அதை மும்முனை மாறுமின்சாரமாக்கி, வெயிலின் அளவுக்கேற்ப மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது டிரைவின் வேலை.

பலகையையும் இதற்கேற்ப மூன்று பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் வாரிய வழிக்கு உரியவை, வலப்பக்கம் சூரிய வழிக்கு உரியவை, நடுவில் இரண்டுக்கும் பொதுவானவை. எந்தக் கருவி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ஒரு வழியில் மோட்டாரைக் காக்கும் கருவி மற்ற வழியில் தொல்லையாகவோ, கேடாகவோ முடியும்.

நடுவில் இருக்க வேண்டிய மாற்றுச் சுவிட்சு

பலகையின் உயிர்நாடி, நடுவில் உள்ள மாற்றுச் சுவிட்சு. அதற்கு மூன்று நிலைகள் இருக்க வேண்டும்: ஒரு பக்கம் திருப்பினால் வாரியம், மறு பக்கம் திருப்பினால் சூரியன், நடுவில் நிறுத்தம். ஒரு வழியை முற்றிலும் துண்டித்து, நிறுத்த நிலையைக் கடந்த பிறகே மறு வழியைச் சேர்க்கும்படி அதன் உள்ளமைப்பு இருக்க வேண்டும். இரண்டு தனித்தனிச் சுவிட்சுகளை வைத்துக்கொண்டு, "ஒன்றைப் போடும்போது மற்றதை அணைத்துவிடுவோம்" என்று இருப்பது கூடவே கூடாது. நடு இரவில் அரைத்தூக்கத்தில் வருகிறவருக்கும், வேலைக்குப் புதிதாக வந்தவருக்கும் அந்த நினைவு இருக்கும் என்று சொல்ல முடியாது. தவறு செய்ய முடியாதபடி சுவிட்சே தடுக்க வேண்டும்.

இரண்டு வழிகளும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? மின்வாரிய மின்சாரம் டிரைவின் வெளிமுனையில் பாய்ந்தால் டிரைவ் அந்த நொடியே பாழாகும். கருவி போனால் பணத்தோடு போகும். டிரைவிலிருந்து மின்சாரம் வாரியக் கம்பிக்குள் ஏறினால், "லைனை ஆப் செய்தாகிவிட்டது" என்று நம்பிக் கம்பத்தின் மேல் வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் போகும்.

ஒரு வழியிலிருந்து மறு வழிக்கு மாற்றும்போது முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும். பிறகு சுவிட்சை நடு நிலைக்குக் கொண்டுவந்து, குறைந்தது 2 நிமிடம் காத்திருந்த பின்பே மறு பக்கம் திருப்ப வேண்டும். ஓடும் மோட்டாரில் சுவிட்சைத் திருப்புவது சுவிட்சின் முனைகளையும் டிரைவையும் கெடுக்கும்.

நேரடி ஸ்டார்ட்டரும் மூன்று ஒயரும் உள்ள மோட்டாருக்கு இந்த ஏற்பாடு எளிது. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் உள்ள மோட்டாரிலிருந்து ஆறு ஒயர்கள் வரும். டிரைவில் ஓட்டும்போது அவை டெல்டா முறையில் நிலையாக இணைந்திருக்க வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஸ்டார்ட்டரை விடக்கூடாது. எனவே ஆறு ஒயர்களையும் ஒருசேர மாற்றும் சுவிட்சு தேவை. இதைத் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். சில டிரைவ்களில் தகடு மின்சாரத்தையும் வாரிய மின்சாரத்தையும் ஏற்கும் தனித்தனி முனைகள் உண்டு. அத்தகைய டிரைவ் வாங்கினால் பழைய ஸ்டார்ட்டரே தேவையில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாமா, கூடாதா என்பதை அதன் கையேட்டில் பார்த்து, அதன்படியே மாற்றுச் சுவிட்சை அமைக்க வேண்டும்.

வாரியப் பக்கம்

வாரியப் பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று முனைகளுக்கும் மூன்று விளக்குகள் வேண்டும். முனைக்கு முனை வோல்டேஜைத் திருப்பிப் பார்க்கும் வோல்ட் மீட்டரும், ஆம்பியர் மீட்டரும் வேண்டும். மோட்டாரின் பெயர்ப் பலகையில் குறித்துள்ள அளவுக்குக் கீழே வோல்டேஜ் இறங்கியிருந்தால் மோட்டாரைப் போடாமல் இருப்பதே நலம்.

ஒரு முனை விடுபட்டால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் இன்றியமையாதது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு முனை போனாலும் நின்றுவிடாது. மற்ற இரு முனைகளில் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு உறுமியபடி ஓடும். சில நிமிடங்களில் சுருள் கருகிவிடும்.

ஓவர்லோடு ரிலேயைச் சரியாக வைப்பதும் முக்கியம். நேரடி ஸ்டார்ட்டரில் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியர் அளவையே ரிலேயிலும் வைக்க வேண்டும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பெரும்பாலும் மோட்டார்ச் சுருளின் பாதையில் இருப்பதால், அந்த அளவை 0.58 ஆல் பெருக்கி வைக்க வேண்டும். பெயர்ப் பலகையில் 11 ஆம்பியர் என்றிருந்தால் ரிலேயை ஏறத்தாழ 6.4-இல் வைப்பது சரி. இது தெரியாமல் 11-லேயே விட்டுவிட்டால் ரிலே இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சூரியப் பக்கம்

மேலே சொன்ன பிரிவென்டரையும் மீட்டர்களையும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே வைக்கக்கூடாது. வெயிலுக்கேற்ப டிரைவ் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் மாற்றிக்கொண்டே இருக்கும். நிலையான 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த கருவிகள் இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை அடிக்கடி நிறுத்தும். தொல்லை தாங்காமல் விவசாயி அந்தக் கருவியையே ஒயரால் இணைத்து ஒதுக்கிவிடுவார். பிறகு வாரிய வழியிலும் மோட்டாருக்குக் காவல் இராது. சூரிய வழியில் மோட்டாரைக் காக்கும் வசதிகள் டிரைவின் உள்ளேயே உண்டு. மோட்டாரின் ஆம்பியர் அளவை அதில் பதிவு செய்தாலே போதும்.

மூன்று முனையில் ஒன்று இல்லாதபோது மோட்டாரை ஓட்டுவதற்குச் சில விவசாயிகள் கண்டன்சர் வைத்திருக்கின்றனர். அந்தக் கண்டன்சர் டிரைவின் வெளிமுனையோடு ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் டிரைவ் கெடும். பழைய இணைப்பில் கண்டன்சர் இருந்தால், சூரிய வழியை இணைக்கும் முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும்.

தகடுகளுக்கும் டிரைவுக்கும் இடையே நேர்மின்சாரத்துக்கென்றே செய்த துண்டிப்புச் சுவிட்சு இருக்க வேண்டும். வீட்டுக்குப் போடும் சாதாரணச் சுவிட்சு இங்கு உதவாது. தகடுகளைத் தொடராக இணைக்கும்போது 500 வோல்ட்டுக்கும் மேல் வரும். நேர்மின்சாரத்தைத் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணையாமல் சுவிட்சையே எரித்துவிடும். வெயில் உள்ளவரை தகடு ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்; எந்தச் சுவிட்சை அணைத்தாலும் தகட்டிலிருந்து அந்தச் சுவிட்சு வரையுள்ள ஒயர் உயிரோடுதான் இருக்கும். துண்டித்த பிறகும் டிரைவின் உள்ளே சில நிமிடங்களுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். குறைந்தது 10 நிமிடம் கழியாமல் மூடியைத் திறக்கக்கூடாது.

ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்க்கப் பழகுதல்

சூரியப் பக்கத்தில் விவசாயி நாள்தோறும் பார்க்க வேண்டியது டிரைவின் முகப்பில் தெரியும் ஹெர்ட்ஸ் எண். வாரிய மின்சாரத்தில் இது எப்போதும் 50. சூரிய வழியில் காலையில் 30 என்று தொடங்கி, உச்சி வெயிலில் 50-ஐ எட்டி, மாலையில் மீண்டும் இறங்கும்.

மோட்டார் சுற்றினாலே தண்ணீர் வரும் என்று எண்ணக்கூடாது. பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸில் அதிக அளவாக 60 மீட்டர் உயரம் வரை தள்ளக்கூடிய பம்பு, 40 ஹெர்ட்ஸில் 38 மீட்டர் வரைதான் தள்ளும். 35 ஹெர்ட்ஸில் 29 மீட்டர்தான். கிணற்றில் நீர்மட்டம் 36 மீட்டர் ஆழத்தில் இருந்தால், 35 ஹெர்ட்ஸில் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், குழாயில் ஒரு சொட்டும் வராது. பம்புக்குள் உள்ள தண்ணீர் அங்கேயே கிடந்து சூடேறும். நீர்மூழ்கி மோட்டாரின் அடியில் உள்ள தாங்கு தட்டு, போதிய வேகத்தில் சுற்றினால்தான் தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதந்து தேயாமல் இருக்கும். அதனால் நீர்மூழ்கி மோட்டாரை 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓட விடவே கூடாது.

எனவே டிரைவைப் பொருத்தும் நாளிலேயே ஒரு சோதனை செய்ய வேண்டும். காலையில் வெயில் ஏறும்போது குழாய் வாயில் ஒருவரும், டிரைவ் பக்கத்தில் ஒருவரும் நின்று, எந்த எண்ணில் தண்ணீர் கொட்டத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அது 39 என்றால், குறைந்தபட்ச அளவை 40-இல் வைத்து, அதற்குக் கீழே போனால் மோட்டார் நின்றுவிடும்படி டிரைவில் அமைக்கச் சொல்ல வேண்டும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் இந்த எண்ணும் மாறும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்குப் பின் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும், இதைச் சரிபார்ப்பது நல்லது. அந்த எண்ணைப் பெயிண்டால் பலகையிலேயே எழுதி வைக்கலாம்.

பொதுவாக இருக்க வேண்டியவை

கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் காவல் இரண்டு வழிகளுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஆம்பியர் குறைவதைக் கொண்டு வறட்சியை அறியும் கருவி வாரிய வழிக்கு ஏற்றது. வெயில் மங்கும்போது ஆம்பியர் தானாகவே குறையுமாதலால், சூரிய வழியில் அக்கருவி மேகத்தையும் வறட்சியையும் பிரித்தறியாது. எனவே பம்புக்கு மேலே கிணற்றுக்குள் இறக்கும் உணர்கம்பிகளே இரண்டு வழிக்கும் பொருத்தமானவை. தண்ணீர் கம்பியை விட்டு இறங்கியதும் எந்த வழியில் ஓடினாலும் மோட்டார் நின்றுவிடும்.

மோட்டார் சுற்றும் திசையை இரண்டு வழியிலும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். வாரிய வழியில் நேராகச் சுற்றும் மோட்டார், முனைகள் மாறி இணைந்திருந்தால் சூரிய வழியில் தலைகீழாகச் சுற்றும். தண்ணீர் குறைவாக வரும். "சூரிய மோட்டாருக்கு இவ்வளவுதான் வலு" என்று விவசாயி நினைத்துக்கொள்வார். இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்துவிடும் குறை இது. மின்வாரியக் கம்பியில் பழுது பார்த்த பிறகும் ஒரு தடவை திசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தானியங்கி ஸ்டார்ட்டரை வாரியப் பக்கத்தில் மட்டும் வைக்கலாம். மின்சாரம் வந்ததும் உடனே மோட்டார் கிளம்பாமல், சில நிமிடம் தாமதித்துக் கிளம்பும்படி நேரக்கருவி இருக்க வேண்டும். தானியங்கியாக வைத்துள்ளபோது மோட்டார் எந்த நேரமும் தானே கிளம்பும். எனவே மோட்டாரிலோ குழாயிலோ கை வைக்கும் முன், மாற்றுச் சுவிட்சை நடு நிலையில் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொள்ள வேண்டும். பூட்டு மாட்டத் துளை உள்ள சுவிட்சையே கேட்டு வாங்குவது நலம்.

பலகை நிழலில், காற்றோட்டமான இடத்தில், கண் உயரத்தில் இருக்க வேண்டும். டிரைவ் வெப்பம் தாங்காது. மேற்கு வெயில் படும் தகரக் கொட்டகைச் சுவரில் வைத்தால் நல்ல வெயில் நேரத்திலேயே நின்றுவிடும். ஒயர் நுழையும் துளைகளை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறும். தகட்டுச் சட்டம், டிரைவ், பலகை, மோட்டார் ஆகிய எல்லாவற்றுக்கும் முறையான மண் இணைப்பு வேண்டும். ஒவ்வொரு சுவிட்சின் மேலும் அதன் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வீட்டில் யார் மோட்டார் போடுகிறாரோ அவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே சுவிட்சுகளின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பல குடும்பங்களில் மோட்டார் போடுகிறவர் வீட்டுப் பெண்மணி. அவருக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தச் சுவிட்சு இருந்தால் அவசரத்துக்கு உதவாது.

தண்ணீர்க் கணக்கு

பலகையில் இன்னொன்றும் வேண்டும். அது மோட்டார் ஓடிய மணியைக் காட்டும் சிறு மீட்டர். வெயிலும் இலவசம், பாசன மின்சாரமும் இலவசம் என்று இரண்டு வழியிலும் இறைத்துக்கொண்டே இருந்தால் கிணறு எத்தனை நாள் தாங்கும்? இரட்டை மின்சாரத்தால் வரக்கூடிய பெரிய கேடு மோட்டார் எரிவதன்று, கிணறு வற்றுவதே.

கணக்குப் பார்ப்பது எளிது. வாரிய மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டி, 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். 29 விநாடி என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 7 லிட்டர், மணிக்கு 25,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, 8 மணி நேரம் ஓடினால் போதும். அதற்கு மேல் ஓடுவது வரப்புக்கும் வாய்க்காலுக்கும்தான். சூரிய வழியில் வேகம் மாறுவதால் மணியை வைத்து மட்டும் கணக்கிட முடியாது. அதற்குக் குழாயில் தண்ணீர் மீட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் இரண்டு வழிக்கும் ஒரே கணக்கு கிடைக்கும்.

அனுமதியும் ஆலோசனையும்

மின் இணைப்பு உள்ள கிணற்றில் சூரிய வழியைச் சேர்க்கும் முன், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் தனித்து இயங்கும் சூரிய பம்புகள், மின் இணைப்புள்ள பம்புகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுதல் என்று வெவ்வேறு பிரிவுகள் வகுக்கப்பட்டன. உபரி மின்சாரத்தை வாரியக் கம்பிக்கே அனுப்பும் ஏற்பாடு இங்கு சொன்ன மாற்றுச் சுவிட்சு ஏற்பாட்டிலிருந்து வேறானது. அதற்குரிய கருவிகளும் வேறு. எதற்கு இப்போது மானியம் கிடைக்கும் என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே தகடு விற்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

பொருத்துகிறவருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்விகளுக்கு நேரில் விடை பார்க்க வேண்டும். மாற்றுச் சுவிட்சில் நிறுத்த நிலையும் பூட்டும் உண்டா? இரண்டு வழியிலும் மோட்டார் ஒரே திசையில் சுற்றுகிறதா? கண்டன்சர் கழற்றப்பட்டதா? தண்ணீர் வரத் தொடங்கும் ஹெர்ட்ஸ் எண் டிரைவில் பதியப்பட்டதா? உணர்கம்பியைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் இரண்டு வழியிலும் மோட்டார் நிற்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுத்தால் போதும்.